ஆற்றிலிட்டுக் குளத்திலெடுத்த நாதம்

திருமுதுகுன்றத்து இறைவனிடம் பெற்ற 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்த வரலாற்றை நம் ஊரார்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வரலாற்றில் பலரும் விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தி உண்டு. ஆற்றில் இடுமுன் அப்பொன்னில் ஒரு சிறு துண்டை மச்சமாக வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார் சுந்தரர். குளத்தில் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. அவர் மீண்டும் பாடினார், மாற்று நிறைந்தது. அதன் பின்னரே பொன் பரவையார் மாளிகைக்குச் சென்றது. இறைவன் தந்ததாயினும் உரைத்துப் பார்த்தே வாங்குவேன் என்னும் அத்துணிவு எனக்கு மிகவும் பிடித்தமானது.

அத்துணிவைத் துணைக்கொண்டு நான் இங்கே உரைகல்லில் வைக்கும் பொருள், பத்தாம் ஆண்டு மலரைப் புரட்டும் அன்பர்களுக்குச் சற்று அயலாகத் தோன்றக்கூடும். 1967க்கும் 1977க்கும் இடையில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளிவந்த ராக் இசைத்தட்டுகளே அவை. அவற்றுள் ஒரு பிரிவினைப் புரோகிரசிவ் ராக் என்பர். முற்போக்கு ராக் என்று மொழிபெயர்த்தால் நம் வட்டத்து நண்பர்கள் சிலர் உடனே செங்கொடியைத் தேடுவார்கள். மூன்று நிமிடப் பாட்டு என்னும் சிறையிலிருந்து வடிவத்தை முன்னே நகர்த்தியமையால் வந்த பெயர் அது. அரசியற் பொருள் அதற்கு இல்லை. சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளை முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தேடிய காலத்தில்தான் இத்தட்டுகள் எனக்கு அறிமுகமாயின. சிலம்புக்கும் ராக் இசைக்கும் என்ன உறவு என வினவலாம். உறவு உண்டு. அது நம் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தின் வழியாகவே செல்கிறது. அதற்கு வருமுன் அக்காலத்துத் தட்டுகளைச் சிறிது பார்த்துவிடல் நலம்.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம், நிமிடத்திற்கு 33⅓ சுற்றுச் சுழலும் எல்.பி. தட்டினை வெளியிட்டது. அதற்கு முந்தைய 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடங்களே பாடும். நம் வித்துவான்கள் ஆலாபனையையும் கீர்த்தனையையும் அச்சிறு வட்டத்துக்குள் மடக்கி வைத்த திறம் தனியே ஆராயத்தக்கது. எல்.பி. தட்டோ பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் இடம் தந்தது. இடம் கிடைத்தும் ராக் குழுவினர் நெடுநாள் அதனைத் தனிப்பாடல் திரட்டாகவே கையாண்டனர். தொடர்நிலைச் செய்யுள் போல ஒரு தட்டு முழுவதையும் ஒரே படைப்பாக எண்ணத் தலைப்பட்டது அறுபதுகளின் பிற்பகுதியிலேதான்.

இடையில் பீங்கான் ஊராராகிய நமக்கென்று ஒரு செய்தி. அக்காலத்து எளிய ரெக்கார்டு பிளேயர்கள் பலவற்றில், தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியின் நடுக்கத்தை மின்னலையாக மாற்றியது ஒரு சிறு பீங்கான் துண்டு. அழுத்தினால் மின்சாரம் தரும் தனிவகைப் பீங்கான் அது. நம் செராமிக் தொழிற்பேட்டைச் சூளைகளில் வேகும் பியூஸ் கட்டையோ மின்சாரத்தைக் கடத்தாமல் காப்பது. ஒரே குலத்தில் பிறந்து ஒன்று கொடுக்கிறது, ஒன்று தடுக்கிறது. கிதாரின் பேரிரைச்சலும் ஒரு மண்துண்டைக் கடந்துதான் வீடுகளுக்குள் நுழைந்தது.

தொடர்நிலைக்கு வழிதிறந்தோருள் பீட்டில்ஸ் குழுவினர் முன்நிற்பர். 1965 இறுதியில் வெளிவந்த ‘ரப்பர் சோல்’ தட்டில் ‘நார்வீஜியன் வுட்’ என்னும் பாடலுக்கு ஜார்ஜ் ஹாரிசன் சித்தார் வாசித்தார். அப்பாடலின் முதற்பகுதி, மேலையோர் மிக்சோலிடியன் என்றழைக்கும் சுரவரிசையில் அமைந்தது. நம் கணக்கில் அது அரிகாம்போதி மேளத்தின் ஏழு சுரம். சிலம்பின் செம்பாலையும் அரிகாம்போதியே என்று கொள்ளும் அறிஞர் பலர். அக்கொள்கையை ஏற்றால், இளங்கோ காட்டும் முதற்பாலையும் லிவர்பூல் இளைஞர்களின் பாட்டும் ஒரே ஏழு படிகளில் ஏறி இறங்குகின்றன எனலாம். இதைக்கொண்டு அனைத்தும் தமிழிலிருந்தே சென்றன என்று மேடையில் முழங்குவார்க்கு நான் துணைபோக மாட்டேன். ஏழு சுரங்களை எடுத்து அடுக்கினால் எந்த நாட்டிலும் இப்படி ஒத்துப்போவன சில அமையும்.

1967இல் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ தட்டில் ஹாரிசன் ஒரு பாடல் முழுவதையும் இந்தியக் கருவிகளோடு அமைத்தார். தில்ருபாவும் தபலாவும் தம்பூராவும் வாசித்தவர்கள் இலண்டனில் வாழ்ந்த இந்தியர்கள். தட்டின் அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. ஐம்பது ஆண்டு கழிந்து 2017இலேதான் அவர்கள் இன்னாரென்பது வெளிச்சத்துக்கு வந்தது. பாடல் எனக்கு உவப்பானதே. ஆனாலும் பெயரில்லாத கை வாசித்த இசை, கல்வெட்டில் பெயர் பொறிக்காத தச்சனின் கோயிலைப் போல மனத்தை உறுத்திக்கொண்டேயிருக்கும்.

பின்வந்த குழுவினர் தாளத்தில் துணிந்தனர். ஜெத்ரோ டல் குழுவின் ‘லிவிங் இன் தி பாஸ்ட்’ (1969) ஐந்தைந்தாக நடக்கிறது. பிங்க் பிளாய்டு குழுவின் ‘மணி’ (1973) ஏழேழாகச் செல்கிறது. ஜெனிசிஸ் குழுவின் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ (1972) தட்டிலுள்ள 23 நிமிடப் பாடலில் ஒரு பகுதியின் பெயரிலேயே ஒன்பது என்னும் எண் உண்டு. கண்டம், மிசுரம், சங்கீர்ணம் என்று நாம் வரிசைப்படுத்துவன இவையே. நாலும் மூன்றும் மட்டுமே பழகிய மேலை இளைஞர்க்கு இது பெரும் புதுமை. தவில் கேட்டு வளர்ந்த நமக்கோ வழித்துணை. ஆயினும் இவர்கள் ஐந்தையும் ஏழையும் ஒரு வளைந்த தெருவாகக் கொண்டு அதன்மேல் திரும்பத் திரும்ப நடந்தார்களேயன்றி, எண்ணிக்கையையே கற்பனைக்குரிய பொருளாக்கினார்களில்லை. கோர்வை பின்னி, கேட்போரைத் திகைக்க வைத்து, எடுப்பில் வந்து விழும் இன்பத்தை இத்தட்டுகளில் நான் பெற்றதில்லை. இக்கருத்தை மறுக்கும் இரசிகர்கள் உண்டென்பதை அறிவேன்.

அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் தண்ணுமை ஆசிரியனுக்கு ஓர் இலக்கணம் வகுக்கிறார். ஏனைய இசைகளோடு சேர்ந்து ஒலிக்கையில் குறைந்த இடத்தை நிரப்பியும், மிகுந்த இடத்தை அடக்கியும், தன் செயல் அளவு கடவாமல் கருவியை நடத்த வல்லவன் அவன் என்பது அதன் சாரம். என் கையில் உள்ள மச்சம் இதுதான்.

இம்மச்சத்தோடு உரைத்தால் அக்காலத்துப் பெருந்தட்டுகள் சிலவற்றின் மாற்றுக் குறைகிறது. யெஸ் குழுவின் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ 1973 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டு தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரே பாட்டு. பாடகர் ஜான் ஆண்டர்சன், பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ நூலில் ஓர் அடிக்குறிப்பினைப் படித்தார். சாத்திரங்களைச் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என நால்வகைப்படுத்தும் அக்குறிப்பே நான்கு பக்கங்களாக விரிந்தது. ஓர் அடிக்குறிப்பிலிருந்து எண்பது நிமிட இசை! ஆய்வேடு எழுதி அடிக்குறிப்புகளோடு மல்லுக்கட்டிய எவர்க்கும் இது ஆறுதல் தரும் செய்தி. ஆனால் படைப்போ, வருணனை மிகுந்து கதை நகராத பிற்காலப் புராணம் போலத் தேங்குகிறது. அக்குழுவின் விசைப்பலகைக் கலைஞர் ரிக் வேக்மேனுக்கே அது பிடிக்கவில்லை. கச்சேரி நடந்துகொண்டிருக்கையில் மேடையிலேயே தாம் குழம்புச் சோறு உண்டதாக அவரே பலமுறை கூறியிருக்கிறார். 1974இல் குழுவை விட்டும் விலகினார். இந்தியச் சாத்திரத்தைப் பற்றிய பாட்டின் நடுவே இந்தியக் குழம்பு! அங்கதம் எழுதுவோர் கற்பித்தாலும் இவ்வளவு பொருந்தாது. இதே குழு ஓராண்டு முன்னர், ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ தந்த தூண்டலால் படைத்த ‘குளோஸ் டு தி எட்ஜ்’ 18 நிமிடங்களில் தன் கருத்தை முடித்துக்கொள்கிறது. அதனை இன்றும் விரும்பிக் கேட்கிறேன்.

பிங்க் பிளாய்டு குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973) இவ்வுரைகல்லில் நன்றாகவே தேறுகிறது. இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பிலேயே அடங்கும் அத்தட்டில் கருவிகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஒதுங்கி நிற்கின்றன. 1973க்கும் 1988க்கும் இடையில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது 741 வாரங்கள் இருந்தது. விற்பனை எனக்குச் சான்றன்று. அதன் முதற்பக்க இறுதியில் கிளேர் டாரி என்னும் பெண் சொல்லே இன்றிப் பாடும் நாலரை நிமிடம் எனக்குச் சான்று. சொல் தீர்ந்த இடத்தில் எழும் அழுகை அது. நம் ஆலாபனைக்கு மிக அணுக்கமானது. அவருக்கு அன்று கிடைத்த கூலி 30 பவுன். ஆக்கியோர் பட்டியலில் தம் பெயரையும் சேர்க்கக் கோரி 2004இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2005க்குப் பிறகே அவர் பெயர் இடம்பெற்றது.

இனித் தென்னார்க்காட்டுக்கு வருவோம். விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையில் வளவனூர் என்றோர் ஊர் இருக்கிறது. 1917இல் அங்குப் பிறந்தவர் எஸ். இராமநாதன். பாடகர், வைணிகர், இசையறிஞர். ‘சிலப்பதிகாரத்து இசை நுணுக்க விளக்கம்’ என்னும் நூலை ஐம்பதுகளிலேயே எழுதியவர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்துக்கொண்டே, சிலப்பதிகார இசை பற்றிய ஆய்வேட்டினை அளித்து 1974இல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வேட்டினை 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நூலாக வெளியிட்டது. 1985இல் சென்னை மியூசிக் அகாதமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. பாலசரசுவதியின் உடன்பிறந்தோராகிய தி. விசுவநாதனும் தி. இரங்கநாதனும் கற்பித்த பல்கலைக்கழகம் வெஸ்லியன். தமிழிசையின் ஒரு கிளை அங்கே வேர்விட்டிருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கு இராமநாதனிடம் வீணை கற்க வந்தார் ஓர் ஆங்கிலேயர். யார்க்‌ஷயரில் 1942இல் பிறந்த ஜான் மெக்லாக்லின் அவர். அப்போதே உலகறிந்த கிதார்க் கலைஞர். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்னும் அவருடைய குழு ‘தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம்’ (1971), ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ (1973) ஆகிய தட்டுகளால் ராக் இரசிகர்களை மலைக்கச் செய்திருந்தது. வேகமும் வலியும் மிக்க இசை. பதினெட்டு எண்ணிக்கையையும் விளையாட்டாகக் கையாளும் குழு. எனினும் இளங்கோவின் அளவுகோலில் மிகையடக்கல் அங்கே இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் உச்சியில் நிற்கின்றனர். உச்சியில் நின்றவர் வீணையின் முதற்பாடத்துக்கு இறங்கி வந்தார் என்பதே எனக்கு வியப்பு. மெக்லாக்லினைப் பற்றிய கட்டுரைகளில் இராமநாதன் பெயர் பெரும்பாலும் ஒரு வரியில் வந்து மறையும். சிலப்பதிகாரம் பயிற்றும் நாம் அந்த ஒரு வரியில் சற்று நிற்கக் கடமைப்பட்டவர்கள். தமிழ்த்துறையினராகிய நாம் இசைத்தமிழை இசைக்கல்லூரியின் பொறுப்பென்று ஒதுக்கி, குரல், துத்தம், கைக்கிளை என்று பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்வித்துக்கொண்டிருந்த காலத்தில், அவற்றை ஓசையாகவே அறிந்த ஒரு புலவரின் காலடியில் ஒரு ராக் கலைஞர் அமர்ந்திருந்தார்.

வெஸ்லியனில்தான் எல். சங்கரையும் அவர் கண்டார். வயலின் மேதை வி. இலட்சுமிநாராயணரின் மைந்தர் சங்கர். தந்தை யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தமையால் அங்கே இளமையைக் கழித்து, 1958 கலவரத்திற்குப் பின் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தவர். ‘ஏழாவது மனிதன்’ (1982) படத்தில் பாரதி பாடல்களுக்கு இசையமைத்து நம் கவிஞர்களின் நெஞ்சைக் கவர்ந்த எல். வைத்தியநாதன் இவருடைய தமையனார். தபலாவுக்கு ஜாகிர் உசேன், மிருதங்கத்துக்கு வெஸ்லியனில் கற்பித்த இராமநாதபுரம் வி. இராகவன், கடத்துக்கு விக்கு விநாயகராம். மின்சாரத்தை அறவே நீக்கி, மரக்கிதாரோடு மெக்லாக்லின் தரையில் அமர்ந்தார். ‘சக்தி’ பிறந்தது. ஒப்பனையாக ஒட்டப்பட்ட கருவி அங்கே ஒன்றும் இல்லை, பெயரற்றோரும் இல்லை.

அக்கிதாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆபிரகாம் வெக்டர் என்னும் கைவினைஞர் வழக்கமான ஆறு தந்திகளுக்குக் குறுக்கே, உடன் ஒலிக்கும் ஏழு தந்திகளைச் சாய்வாகப் பூட்டினார். மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரமும் குழிவாகச் செதுக்கப்பட்டது. விரலால் தந்தியை ஆழ அழுத்திக் கமகம் பிடிப்பதற்காக. வீணையில் கற்ற பாடம் கிதாரின் மரத்தையே மாற்றிவிட்டது.

கிதாரை மாற்றலாம், கடத்தை மாற்ற இயலாது. மிருதங்கத்தை வார் இழுத்துச் சுருதி சேர்க்கலாம். கடத்தின் சுருதியோ சூளையில் முடிவாகிவிடுகிறது. அதனால் கட வித்துவான் சுருதிக்கொரு குடம் வைத்திருப்பார். பீங்கான் சூளையருகே வாழ்கிற நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். மண்ணின் சேர்மானம், பக்கச்சுவரின் கனம், நெருப்பின் பதம் ஆகிய மூன்றில் ஒன்று பிசகினாலும் பாத்திரம் பாத்திரமாக இருக்கும், நாதம் இராது. நெய்வேலிச் சுரங்கத்து வெண்களிமண் நம் ஊரில் பொம்மையாகவும் பியூஸ் கட்டையாகவும் உருவெடுக்கிறது. வைகைக்கரை மானாமதுரையின் மண்ணோ, உள்ளே கல்லும் வெளியே பலகையும் வைத்துத் தட்டித் தட்டிச் சுவர் இறுகிக் கடமாகிறது. மானாமதுரைக் கடம் கனமானது; தட்டுகிற விரலுக்கு வலி மிகுதி, ஒலிக்குத் தெளிவு மிகுதி. அவ்வூரில் கடம் வனையும் மீனாட்சி அம்மையாருக்கு 2010களில் சங்கீத நாடக அகாதமியின் விருது கிடைத்தது. வாசிப்பவரோடு வனைபவரையும் அவையில் ஏற்றிய அச்செயல் பாராட்டத்தக்கது.

விக்கு விநாயகராமும் மெக்லாக்லின் பிறந்த அதே 1942இல் சென்னையில் பிறந்தவர். 1966 அக்டோபரில் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் அவையில் பாடியபோது கடம் வாசித்தவர். கச்சேரி மேடையில் கடம் பக்கவாத்தியத்திற்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. தனி ஆவர்த்தனத்தில் கிடைக்கும் சில நிமிடமே அதற்குரியது. சக்தியில் அது நடுவே வந்தமர்ந்தது.

சக்தியின் முதல் தட்டு 1975 ஜூலையில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் மேடையில் பதிவாகி 1976இல் வெளிவந்தது. மூன்றே உருப்படிகள், கடைசி உருப்படி 29 நிமிடம். நீளத்தில் யெஸ் குழுவின் தட்டுக்கு இளைத்ததன்று. எனினும் சலிப்பில்லை. கிதார் ஒரு சொற்றொடரை வீச, வயலின் அதனை ஏந்தித் திருப்ப, இருவரும் ஓய்ந்த இடத்தில் குடம் மட்டும் முணுமுணுக்கிறது. நிரப்பலும் அடக்கலும் என்று இளங்கோ சொன்னதற்கு உரை வேண்டுவோர் இதைக் கேட்கலாம். இரண்டாவது தட்டாகிய ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ 1976இல் இலண்டனில் பதிவாயிற்று. அப்பத்தாண்டின் தட்டுகள் அனைத்திலும் சிறந்தது எதுவென என்னைக் கேட்டால் தயங்காமல் இதனையே சொல்வேன். பிங்க் பிளாய்டு அன்பர்கள் பொறுத்தருள்க. முதல் உருப்படி ‘லா டான்ஸ் டு பொன்னூர்’ கொன்னக்கோல் சொற்கட்டில் தொடங்குகிறது. கருவிகள் அதன் பின்னரே நுழைகின்றன. நம் பாட்டிமார் தொட்டிலருகே சொன்ன தாளச்சொற்களின் நெருங்கிய உறவு, ராக் இசையின் தட்டில் முதற்குரலாக நிற்கிறது! ‘கிருதி’ என்றே பெயரிட்ட உருப்படியும் அதில் உண்டு. மூன்றாவது தட்டாகிய ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ (1977) சிறு உருப்படிகளாகக் குறுகி, சந்தையை ஓரக்கண்ணால் பார்க்கிறது. இனிமை உண்டு, ஆழம் குறைவு. மின்கிதாரின் புயலை எதிர்பார்த்திருந்த பழைய இரசிகர்கள் மூன்றையுமே பெரிதாக ஏற்கவில்லை. அத்தோடு குழு கலைந்தது.

பின்வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். ஜெனிசிஸ் குழுவிலிருந்து 1975இல் விலகிய பீட்டர் கேப்ரியல் 1989இல் வெளியிட்ட ‘பேஷன்’ தட்டில் எல். சங்கரின் வயலின் ஒலிக்கிறது. கிரேட்ஃபுல் டெட் என்னும் ராக் குழுவின் மிக்கி ஹார்ட் உருவாக்கிய ‘பிளானட் டிரம்’ தட்டு, உலக இசைக்கென முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருதினை 1992இல் பெற்றது. அதில் விக்குவின் கடம் உண்டு. தமிழகத்திலோ 1986இல் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ வந்தது. தியாகராசரையும் பாக்கையும் ஒரே வீட்டில் சந்திக்க வைத்த அத்தொகுப்பு, திரைப்படத்தைச் சாராமல், சொல்லையும் சாராமல், ஒரு தொகுப்பு முழுவதையும் ஒரே சிந்தனையாக அமைத்தது. வி. எஸ். நரசிம்மனின் வயலினுக்காகவே அதனைப் பலமுறை கேட்கலாம். ராக் இசைக்கு அது தூரத்து உறவே. தொடர்நிலை என்னும் வகையில் உடன்பிறப்பு. கர்நாடக இசையையும் ராக் இசையையும் பின்னும் பெங்களூர் ‘அகம்’ குழுவின் ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ (2012) எனக்குச் சற்று மிகையாகப்படுகிறது. என் மாணவியர் இதை ஒப்புவதில்லை. சக்தியோ 2023இல் ‘திஸ் மொமென்ட்’ என்னும் புதுத் தொகுப்போடு மீண்டும் வந்து, 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. கடமும் கஞ்சிராவும் அதில் விக்குவின் மகன் செல்வகணேஷ் கையில். அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்தார்.

ஆய்ச்சியர் குரவை நடத்தும் நாளில், எழுவரையும் வட்டமாக நிறுத்திப் பெயர் சொல்லி முடித்த பின், ‘லா டான்ஸ் டு பொன்னூர்’ உருப்படியின் தொடக்கத்தை வகுப்பில் ஒலிக்கவிடுவது என் வழக்கம். கொன்னக்கோல் முடிந்து கிதார் நுழைவதற்குள் பின்வரிசையில் யாரேனும் பெஞ்சில் தாளம் போடத் தொடங்கிவிடுவர். எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்குள் வாக்குவாதம் எழும். மணியடிக்கும்வரை அது தீராது. அன்றைக்கு வேறு பாடம் நடந்ததில்லை.